மக்காச்சோள விலைக்கு மனு: கணக்கோடு போங்கள்

கடலூர் மாவட்டத்து வேப்பூர், மங்களூர் பக்கத்து மக்காச்சோள விவசாயிகள் மாதாந்திரக் குறைதீர் நாள் கூட்டத்தில் மக்காச்சோளத்திலிருந்து ஆலைகள் எடுக்கும் எத்தனாலின் விலையைப் பற்றிப் பேசுவதானால், கையில் கணக்கு இருக்க வேண்டும். ஒரு குவிண்டால் மக்காச்சோளத்தில் சுமார் 38 லிட்டர் எத்தனால் கிடைக்கும். எண்ணெய் நிறுவனங்கள் ஆலைக்குக் கொடுக்கும் விலையை லிட்டர் ரூ.71.86 என்று வைத்தால் சுமார் ரூ.2,730. உடன் வரும் தீவனப் புண்ணாக்கின் வருமானம் தனி. ஆலைச் செலவையும் கழித்துப் பேசுங்கள், இல்லையேல் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். இதோடு ஒப்பிட வேண்டிய 2025-26க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,400.

ஆதரவு விலையை உயர்த்தும் அதிகாரம் கலெக்டருக்கு இல்லை, அது மத்திய அரசின் வேலை. அவரிடம் கேட்க வேண்டியது, விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஆதரவு விலைக் கொள்முதலுக்குப் பரிந்துரை, உலர்களம், ஈரப்பதமானி. மனு ஒன்றுக்கு ஒரே கோரிக்கை. பத்துக் கோரிக்கை எழுதினால் பத்துத் துறைக்குச் சுற்றி, எங்கேயும் பதில் வராது.

சிட்டா, அடங்கல் நகல், எடைச்சீட்டு, விற்ற ரசீது இணையுங்கள். அடங்கலில் போன போகத்துப் பயிரே இருந்தால் முதலில் விஏஓவிடம் திருத்துங்கள். குத்தகைக்காரர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஈரப்பதக் கழிவில்தான் பணம் அதிகம் போகிறது. 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 95.3 கிலோ நிற்கும். நியாயமான கழிவு 4.7 கிலோ. வியாபாரி அதற்குமேல் பிடித்திருந்தால், அந்த ரசீதையே மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.