டெக்சாஸில் கவுண்டிக்குக் கவுண்டி சொத்து வரியை ஒப்பிடுவது எப்படி?

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் வீடு வாங்குபவர்களுக்கு முதல் சொத்து வரி பில் வரும்போதுதான் விஷயம் புரியும். 'எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) வரி குறைவு?' என்று பலரும் கேட்கிறார்கள். ஆனால் பில்லில் கவுண்டிக்குப் போவது சின்னப் பங்குதான். பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு.

1. கவுண்டி சராசரிப் பட்டியலை மூடிவிட்டு, பிடித்த வீடுகளின் முகவரிகளை எடுங்கள். அந்தந்தக் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (வரிக்காகச் சொத்தின் மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகம்) இணையதளத்தில் முகவரியைப் போட்டால், யார் யார் வரி வாங்குகிறார்கள் என்று வரிசையாக வரும்.

2. எல்லா விகிதங்களையும் கூட்டுங்கள். விகிதம் 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்று இருக்கும். எல்லாம் ஒரே ஆண்டுடையதாக இருக்கட்டும்.

டல்லாஸுக்கு அருகிலுள்ள ஃப்ரிஸ்கோவையே பாருங்கள். ஊர் ஒன்று, ஆனால் பாதி காலின் கவுண்டியில், பாதி டென்டனில். 2024-இல் காலின் கவுண்டி விகிதம் 0.1493, டென்டன் 0.1859. காலின்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் காலின் பக்கம் சமுதாயக் கல்லூரிக்கென்று தனியாக 0.0812 உண்டு; டென்டன் பக்கம் அது இல்லை. கூட்டினால் காலின் 0.2305! 5 லட்சம் டாலர் வீட்டுக்கு, விலக்குகளுக்கு முன், காலினில் சுமார் 1,153 டாலர், டென்டனில் 930. அப்புறம், ஃப்ரிஸ்கோவுக்குள்ளேயே நான்கு பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அதையும் முகவரியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

3. 'மட்' (MUD, Municipal Utility District) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். புதிய குடியிருப்புகளில் தண்ணீர், சாக்கடை வசதிக்காக வாங்கிய கடனை அடைக்க வசூலிக்கும் வரி அது. மற்ற சேமிப்பையெல்லாம் இது ஒன்றே விழுங்கிவிடலாம்.

4. விலக்குகளைக் கழியுங்கள். நீங்களே குடியிருக்கும் வீடென்றால் ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. பள்ளி வரிக்கு 2025 முதல் 1,40,000 டாலர் கழிவு. இது மாநிலம் முழுக்க ஒன்றுதான். கவுண்டியும் நகரமும் தருவது இடத்துக்கு இடம் மாறும்.

சரி, விற்பவரின் பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடலாமா? வேண்டாம். ஹோம்ஸ்டெட் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு அவருக்கு இருந்திருக்கும். வீடு கைமாறினால் அடுத்த ஆண்டே அது போய்விடும். நீங்கள் கொடுக்கப்போகும் விலையை வைத்தே கணக்கிடுங்கள்.