சுடுவதற்கு முன்னும் பின்னும்: பிள்ளைகளை மான் வேட்டைக்குப் பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆண்டுதோறும் நவம்பர் மாதம் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்கள் துப்பாக்கியால் மான் வேட்டையாடலாம். தாத்தா, தந்தை, பேரப்பிள்ளை என மூன்று தலைமுறையினர் ஒரே குடிலில் தங்கி வேட்டைக்குச் செல்லும் குடும்பங்கள் அங்கே பல உண்டு. பிள்ளைக்குப் பொறுப்பும் உழைப்பும் காட்டில்தான் படியும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. வனவிலங்கு வேட்டையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ள இந்தியாவிலிருந்து அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு இது முதலில் திகைப்பாக இருக்கும். ஆனால், பள்ளித் தோழனின் தந்தை "உங்கள் மகனையும் அழைத்துப் போகட்டுமா?" என்று கேட்கும் நாள் வரும்போது, எதைப் பார்த்துச் சரி என்பது, எதைப் பார்த்து வேண்டாம் என்பது என்று அறிந்திருப்பது நல்லது.

பெற்றோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. அவர்கள் வேட்டை என்றால் சுடுவது என்று எண்ணிக்கொள்கிறார்கள். விசையை அழுத்துவதற்கு ஒரு நொடி போதும். பொறுப்பு என்று சொல்லத்தக்கது எல்லாம் அந்த நொடிக்கு முந்தைய மாதங்களிலும் பிந்தைய மணிநேரங்களிலும்தான் இருக்கிறது. அந்த உழைப்பைப் பெரியவர்கள் தாங்களே செய்து முடித்துவிட்டு, சுடும் நொடியை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தால், அவன் கற்றுக்கொள்வது பொறுப்பை அன்று.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை உரிமம் வாங்குவதற்கான ஒரு சடங்காகக் கருதுவதை முதலில் சொல்ல வேண்டும். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள், அனுபவமுள்ள ஒருவரின் நேரடித் துணையுடன் செல்லும் தருணங்கள் நீங்கலாக, இந்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அங்கே கற்பிக்கப்படும் நான்கு விதிகள் எளியவை: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும், குழல் எப்போதும் பாதுகாப்பான திசையையே நோக்க வேண்டும், இலக்கு எது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும், சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். பிள்ளைகள் இவற்றை ஒரே நாளில் ஒப்பித்துவிடுவார்கள். சிக்கல் பெரியவர்களிடம் இருக்கிறது. வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுக்கும்போது குழல் யார் பக்கம் திரும்புகிறது என்று கவனிக்காத தந்தை, வகுப்பில் கற்ற அனைத்தையும் ஒரு கணத்தில் அழித்துவிடுகிறார். மகள் "அப்பா, குழல்!" என்று சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் திருத்திக்கொள்பவரே கற்றுக்கொடுக்கத் தகுந்தவர்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகச் சிறு வயதிலேயே துப்பாக்கியைக் கொடுத்துவிடுவது அடுத்த பிழை. துணையுடன் வேட்டையாடுவோருக்கு இருந்த 10 வயது என்ற வரம்பை விஸ்கான்சின் 2017-இல் நீக்கியது. துணை வருபவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி நிலைத்தது. வரம்பு நீங்கியதால் முடிவெடுக்கும் சுமை முழுவதும் பெற்றோரின் தலையில் விழுந்துவிட்டது. வயதைவிட வீட்டு நடத்தையே இதற்குச் சிறந்த அளவுகோல் என்பது என் கருத்து. நாய்க்கு வேளைக்கு உணவு வைக்க நினைவூட்டல் தேவைப்படாத பிள்ளையா? செய்த தவற்றை, யாரும் பார்க்காதபோதும், தானே வந்து சொல்கிற பிள்ளையா? "இல்லை" என்று சொன்னால் அடம்பிடிக்காமல் ஏற்றுக்கொள்கிறதா? இவற்றுக்கு "ஆம்" என்று விடை வராவிட்டால், ஓரிரு பருவங்கள் துப்பாக்கியின்றி உடன்வந்து பார்க்கட்டும்.

பெரியவருக்கான துப்பாக்கியைச் சிறுவனின் தோளில் வைப்பதும் பரவலான தவறு. பின்னுதைப்பு ஒருமுறை வலித்துவிட்டால், அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் துள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்ற நெடுங்காலம் ஆகும். குறி தவறிக் காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடினால், துன்பப்படுவது மானும்தான். எனவே பின்னுதைப்பு ஏறத்தாழ இல்லாத .22 ரைபிளில் (எண் தோட்டாவின் அளவைக் குறிக்கும்) தொடங்கி, தோளில் ஊன்றும் கட்டையின் நீளம் கைக்குப் பொருந்துமாறு பார்த்து, பின்னர் .243 போன்ற மென்மையான வகைக்கு மாறுவது வழக்கம். காதுக்காப்பு இல்லாமல் ஒரு வெடிகூடக் கேட்க விடக்கூடாது. இழந்த செவித்திறன் திரும்புவதில்லை.

மூட்டை கட்டும் இரவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உழைப்பின் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. கையுறை, கைவிளக்கின் மின்கலம், உரிமம், இடுப்புக்கு மேல் பாதியளவாவது மறைக்க வேண்டிய பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலாடை, தின்பண்டம் என்று அம்மாவோ அப்பாவோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டால், பிள்ளை பயணிதான், வேட்டைக்காரன் அல்லன். பட்டியலை அவனே எழுதட்டும், அவனே அடுக்கட்டும். தின்பண்டத்தை மறந்தால் பசியோடு உட்காரட்டும், அது நல்ல ஆசிரியர். ஆனால் உறைபனிக் குளிரில் கையுறையை மறந்ததற்கும் அதே தண்டனை கொடுப்பது கொடுமை. ஒரு மாற்றுச் சோடி பெரியவரின் பையில் சொல்லாமல் இருக்க வேண்டும். எந்தத் தவற்றை நடக்க விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்தறிவதில்தான் பெற்றோரின் திறமை தெரியும்.

தினைப்புனத்தில் பரண்மீதிருந்து காவல் காத்தவர்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். விஸ்கான்சினிலும் மரத்தில் பொருத்திய பரணில் ஏறித்தான் பலர் காத்திருக்கிறார்கள். வேட்டைக் காயங்களுக்குப் பரணிலிருந்து விழுவது முக்கியமான காரணம். ஏறத் தொடங்கும்போதே உடலில் பாதுகாப்புப் பட்டியைக் கட்டியிருக்க வேண்டும். சிறுவர்களுக்குத் தரையில் அமைக்கும் மறைப்புக் கூடாரமே மேல். விடியலிலிருந்து அந்திவரை அசையாமல் இருக்கச் சொல்வதும் வீண். இரண்டு மணிநேரம் ஒழுங்காக அமர்ந்த பிள்ளையைப் பாராட்டிச் சற்று நடக்க விட்டால், மறுநாள் மூன்று மணிநேரம் அமரும்.

சுட்ட பிறகு நிகழும் தவறுகள்தாம் மிகவும் வருத்தம் தருபவை. வெடித்தவுடன் ஆரவாரித்துக்கொண்டு ஓடக்கூடாது. மான் நின்ற இடத்தையும் ஓடிய திசையையும் மனத்தில் குறித்துக்கொண்டு, பொதுவாக அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். வயிற்றில் பட்டிருந்தால் பல மணிநேரம். பின்னர் இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு துளியையும் பிள்ளையே தேடிக் காட்ட வேண்டும். இருட்டுகிறது, குளிர்கிறது, இனி போதும் என்று பெரியவர் தேடலைக் கைவிட்டால், ஓர் உயிரைக் காயப்படுத்திவிட்டுப் பாதியில் திரும்பலாம் என்பதையே அவன் பாடமாக எடுத்துக்கொள்வான். மான் கிடைத்ததும் "நீ போய்க் குடிலில் குளிர்காய்" என்று அனுப்பிவிடுவதும் அன்பால் செய்யும் பிழைதான். குடலை நீக்குவது, உடலை இழுத்து வருவது, இறைச்சியைக் கெடாமல் குளிர்விப்பது எல்லாம் அழுக்கான, களைப்பூட்டும் வேலைகள். கத்தியைப் பெரியவர் பிடிக்கலாம். காலைப் பிடித்துக்கொள்ளவும் கயிற்றை இழுக்கவும் சிறு கைகள் போதும்.

தாளில் முடியும் வேலையும் அவனுடையதே. விஸ்கான்சினில் சுட்ட மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். மான்களின் மூளையைச் சிதைக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 2002-இல் அம்மாநிலத்தில் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதிசெய்யப்படவில்லை என்றாலும், நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்றே மருத்துவத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடாமல் காத்திருப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம். ஆகவே அதை அவனிடமே ஒப்படைக்கலாம். தந்தை சுட்ட மானுக்கு மகனின் அனுமதிச் சீட்டைக் கட்டுவது பல மாநிலங்களில் குற்றம். அதைச் சிரித்துக்கொண்டே செய்யும் வீட்டில் நேர்மையைப் பற்றிய அறிவுரை எடுபடாது.

கொம்பின் கிளைகளை எண்ணி மகிழ்வதும், முதல் நாளிலேயே படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும், வெறுங்கையோடு திரும்பிய பிள்ளையிடம் "பரவாயில்லை, அடுத்த முறை" என்று ஆறுதல் சொல்வதும் சுடுவதே வெற்றி என்ற எண்ணத்தை மறைமுகமாக ஊட்டுகின்றன. ஆறுதல் தேவைப்படும்படி அங்கே எதுவும் நடக்கவில்லை. பின்னால் வீடு தெரிந்ததால் சுடாமல் விட்டேன் என்று அவன் சொன்னால், அன்றைய இரவு உணவின்போது அதைத்தான் பேச வேண்டும். குறிபார்த்த பின்பு மனம் வராமல் துப்பாக்கியைத் தாழ்த்திய பிள்ளையைக் கேலி செய்வதும், அழுதால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்பதும் மன்னிக்க முடியாதவை. விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. அதற்கும் குடிலில் வேலை உண்டு: விறகு அடுக்குவது, மறுநாள் காலைக் காற்றின் திசையைப் பார்த்துச் சொல்வது, ஈரமான துப்பாக்கிகளை, தோட்டா இல்லை என்று பெரியவர் ஒருவரோடு சேர்ந்து இருமுறை சரிபார்த்துவிட்டு, துடைத்து எண்ணெயிட்டுப் பூட்டி வைப்பது.