நாவலுக்குப் பின்னட்டைக் குறிப்பு எழுதும்போது

டெமி அளவு (வழக்கமான புத்தக அளவு) நாவலின் பின்னட்டைக் குறிப்புக்கு 80 முதல் 100 சொற்கள் போதும். விலை, ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) பட்டைக்குறியீடு, பதிப்பக முத்திரை எல்லாம் அதே பக்கத்தில்தான் வர வேண்டும். குறிப்பு நீண்டால் எழுத்தைச் சிறிதாக்குவார்கள். கடையில் நின்றபடி புரட்டுபவர் படிக்க மாட்டார்.

முதல் வரிதான் உயிர். அதில் ஆளும் சிக்கலும் தெரிய வேண்டும். ‘மனித உறவுகளின் ஆழத்தைப் பேசும் நாவல்’ என்பது எந்த நாவலுக்கும் பொருந்தும். ‘அம்மா தறியை விற்ற மறுநாள், மூன்று வருடமாகக் காணாமல் போயிருந்த மகன் வாசலில் வந்து நிற்கிறான்’ என்று எழுதிப் பாருங்கள். இது ஒரே கதைக்குத்தான் பொருந்தும்.

அடுத்த மூன்று நான்கு வரிகளில், அந்த அம்மா எதை இழக்கக்கூடும் என்பதைச் சொல்லுங்கள். பெயர்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். கதையின் முதல் கால்பங்கைத் தாண்டாதீர்கள். முன்னுரையிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டுவது பெரிய தவறு: முழுக்கதையும் படித்தவர் எழுதியது அது, முடிவு கசிந்துவிடும்.

‘அற்புதமான’, ‘விறுவிறுப்பான’ இரண்டையும் அடித்துவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன், கதை தெரியாத ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.