வம்ச வரைபடம் போடுவது எப்படி: பரிசோதனைக்கு முன் ஒரு தாள், ஒரு பென்சில்

"இது பரம்பரை நோயா என்று பார்க்க எந்த டெஸ்ட் எடுக்கணும்?" எங்கள் மரபியல் பிரிவுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான். நான் பதிலுக்கு ஒரு ஏ4 தாளைக் குறுக்குவாக்கில் வைத்து, பென்சிலை எடுப்பேன். சிலருக்கு முகம் வாடிவிடும். மதுரைப் பக்கம் வரை பஸ் ஏறி வந்தது கட்டம் போட்டுப் பார்க்கவா என்று நினைப்பார்கள். ஆனால் எந்தப் பரிசோதனை தேவை, யாருக்குத் தேவை, தேவையே இல்லையா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். அதை வீட்டிலேயே போட்டு எடுத்து வந்தால் டாக்டருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்குப் பணமும் மிச்சம்.

முதலில் அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் (சிவப்பணு போன்ற சில தவிர) 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள். ஜோடிக்கு ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஜீன்கள் இவற்றின் மேல் வரிசையாக இருப்பதால், ஏறக்குறைய எல்லா ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. கடைசி ஜோடி மட்டும் வேறு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். வரைபடத்தைப் படிக்க இவ்வளவு போதும்.

சரி, குறிகள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர் என்றால் உள்ளே முழுக்கக் கருப்பு. இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். கணவன் மனைவியை ஒரு படுக்கைக் கோடு இணைக்கும். அதிலிருந்து இறங்கும் கோட்டில் பிள்ளைகள், மூத்தவர் இடது கோடியில். சொந்தத்தில் கட்டியிருந்தால் அந்தப் படுக்கைக் கோடு இரட்டைக் கோடு. யாரை முன்னிட்டு இந்தப் படம் போடுகிறோமோ அவருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அந்த நபரிலிருந்து தொடங்கி மேலே போங்கள். தாத்தா பாட்டி வரை மூன்று தலைமுறை கட்டாயம் வேண்டும், நான்கு கிடைத்தால் நல்லது. பேனா வேண்டாம், நிச்சயம் அழிப்பீர்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. யாரைக் கேட்பது? வீட்டுத் தலைவரை அல்ல. எந்த வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ அத்தையோ இருப்பார். யார் எந்த மாசம் பிறந்தது, எந்தக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பது வரை ஞாபகம் வைத்திருப்பார். அவரைப் பிடியுங்கள். போனில் கேட்பதைவிட, அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நிறைய வரும். மருமகள்கள் கூடியிருக்கும் இடத்தில் மட்டும் கேட்காதீர்கள். பாதி விஷயம் வாயிலேயே நின்றுவிடும்.

"நம்ம வம்சத்துல யாருக்காவது வியாதி இருக்கா?" என்று கேட்டால் "சேச்சே, ஒருத்தருக்கும் இல்லை" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காமல் துண்டு துண்டாகக் கேளுங்கள். உங்களுக்குப் பிறந்தது எத்தனை, தங்கியது எத்தனை? கைக்குழந்தையில் தவறியது உண்டா, எந்த வயதில், அதற்கு முன் என்ன செய்தது? கரு கலைந்ததா, எத்தனை முறை? யாருக்காவது அடிக்கடி ரத்தம் ஏற்றினார்களா? பல் பிடுங்கியபோதோ காது குத்தியபோதோ ரத்தம் நிற்காமல் போனதா? நன்றாக நடந்துகொண்டிருந்த பையன் ஏழெட்டு வயதில் படியேறத் திணறினானா? காது கேளாதவர், பேச்சு வராதவர், ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போனவர் உண்டா?

உறவு முறையை உடைத்துக் கேட்பதும் முக்கியம். "என் அண்ணனுக்கு இருந்தது" என்றால் கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனா? "சித்தி" என்றால் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? ஒருவர் ரத்த உறவு, மற்றவர் இல்லை. படத்தில் அவர் நிற்கும் இடமே மாறிவிடும்.

படம் முடிந்ததும் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். கருப்புக் கட்டங்கள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதில்தான் விஷயம்.

தாத்தா, அப்பா, அத்தை, மகன் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் கருப்பு இறங்கி வந்தால், ஆண் பெண் இருவருக்கும் வந்தால், அது ஓங்கு பண்பு. ஒரு பிரதி கெட்டாலே நோய். பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் சரிபாதி. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய், சின்ன வயதிலேயே மாரடைப்பு கொண்டுவரும் பரம்பரைக் கொழுப்பு இரண்டும் இந்த வகை.

தாய்மாமனுக்கு, பேரனுக்கு என்று ஆண்களில் மட்டும் கருப்பு விழுந்து, நடுவில் இருக்கும் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தால், கெட்ட ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கலாம். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா, டூஷென் தசைச் சிதைவு நோய் எல்லாம் இப்படி. அப்பாவிடமிருந்து மகனுக்கு நேராகப் போயிருந்தால் இந்த வகையை அடித்துவிடலாம், ஏனென்றால் அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய்யை மட்டும்தான். இந்த வகைக்கு உலகத்துக்கே தெரிந்த வரைபடம் விக்டோரியா மகாராணியுடையது. அவர் மகன் லியோபோல்டுக்கு ஹீமோபிலியா. மகள் ஆலிஸ் வழிப் பேத்தி அலெக்ஸாண்ட்ரா ரஷ்ய அரசியாகி, அவர் மகன் அலெக்ஸிக்கும் வந்தது. ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளில் எடுத்த டிஎன்ஏவை வைத்து, அது ஹீமோபிலியா பி என்ற வகை என்று 2009ல் உறுதி செய்தார்கள். அதே சமயம் ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது. ஜீனில் புதிதாக ஏற்படும் மாற்றம் அது. படம் வெள்ளையாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது வகையில்தான் நம் ஊருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மேலே எல்லாம் வெள்ளை, திடீரென்று ஒரே வீட்டில் அண்ணன், தங்கை என இரண்டு கருப்பு. அவர்கள் அப்பா அம்மாவுக்கு நடுவே இரட்டைக் கோடு. இது ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய். ஒன்று மட்டும் கெட்டவர் கேரியர். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை போனாலும் அடுப்பு எரிவது மாதிரி, அவர் உடம்பு மற்ற பிரதியை வைத்துச் சமாளித்துவிடும். தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லை, பெண் வீட்டு வழியாத்தான் வந்திருக்கும்" என்று ஒரு மாமியார் சொல்லும்போது நான் பென்சிலால் இரண்டு பக்கத்தையும் தொட்டுக் காட்டுவேன். ஒடுங்கு பண்பில் ஒரு பக்கம் மட்டும் கொடுத்து நோய் வருவதில்லை.

சொந்தத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக் கல்யாணம்தான் என்பதால், இந்தக் கணக்கு ரொம்பப் பேருக்கு உதவும். ஒரு தாத்தா பீட்டா தலசீமியா (உடம்பு போதிய ஹீமோகுளோபின் செய்ய முடியாமல், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும் நோய்) கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி கேரியர் இல்லை. அவர்கள் மகனுக்கு அந்த ஜீன் போயிருக்க வாய்ப்பு 2ல் 1. மகளுக்கு 2ல் 1, அந்த மகளின் பெண்ணான பேத்திக்கு 4ல் 1. பேத்தியைத் தாய்மாமனுக்கே கட்டுகிறார்கள். இருவரும் கேரியராக இருக்க வாய்ப்பு 2ல் 1ஐ 4ல் 1ஆல் பெருக்கினால் 8ல் 1. இருவரும் கேரியரானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர வாய்ப்பு 4ல் 1. மொத்தம் 32ல் 1. மாமனைக் கட்டாமல் மாமன் மகனைக் கட்டினால் அவனுக்கும் 4ல் 1 என்பதால் 64ல் 1. சொந்தமே இல்லாத ஒருவரை, ஐம்பதில் ஒருவர் கேரியராக இருக்கும் கூட்டத்திலிருந்து கட்டினால் 800ல் 1.

இது ஒரே ஒரு ஜீனுக்கான கணக்கு. மொத்தமாக, எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், மாமன் மகன், அத்தை மகள் கட்டியவர்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. அதாவது நூறில் தொண்ணூறுக்கு மேல் நல்லபடியாகவே பிறக்கின்றன. இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். இன்னொன்று: "நாங்க சொந்தமே இல்லை, வேற ஊரு" என்பார்கள், ஆனால் சாதி ஒன்று. சாதிக்குள்ளேயே பல நூறு ஆண்டுகள் கட்டிவந்தால் முன்னோர்கள் சுற்றிச் சுற்றி ஒன்றுதான். தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து 2017ல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்களில் இந்த விளைவு (சில முன்னோர்களின் ஜீன்களே திரும்பத் திரும்ப வருவது) இதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி) யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாக இருப்பதாகச் சொன்னது. படத்தில் ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், ஆனால் ஓரத்தில் ஊரையும் சமூகத்தையும் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்பார். கேட்பது சாதி பார்த்து அல்ல.

டவுன் சிண்ட்ரோம் வேறு கதை. அது ஒரு ஜீன் கெட்டதால் வருவதில்லை. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. நூறில் 95 பேருக்கு அது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நடந்தது, வம்சத்துக்குச் சம்பந்தமில்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும்: 35 வயதில் சுமார் 350ல் 1, நாற்பதில் சுமார் 100ல் 1. மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்தக் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமில் ஒட்டியிருக்கும். அப்போது அப்பாவோ அம்மாவோ தமக்கு ஒரு குறையும் இல்லாமல் அந்த ஒட்டுக் குரோமோசோமைச் சுமக்கலாம். ஆகவே குழந்தையின் கேரியோடைப் (குரோமோசோம் பரிசோதனை) ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். அதைப் பார்த்துத்தான் பெற்றோருக்குப் பரிசோதனை வேண்டுமா என்று முடிவாகும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், உயரம், தோல் நிறம் போன்றவை இந்த எந்த வகையிலும் அடங்காது. பல ஜீன்களும் சாப்பாடும் வாழ்க்கையும் சேர்ந்து செய்வது. பள்ளியில் நாக்கைச் சுருட்டச் சொல்லி ஒரே ஜீன் என்று கற்றுக்கொடுத்தார்களே, அதுவும் அவ்வளவு எளிதில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவர் சுருட்டுவார், மற்றவருக்கு வராது.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். தலசீமியா சந்தேகம் என்றால் முதலில் சாதாரண ரத்த எண்ணிக்கை போதும். அதில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழே இருந்தால் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் பரிசோதனை) எடுப்பார்கள். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 குறைத்துக் காட்டலாம், அதனால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கொடுத்தவர் ரத்தத்தின் முடிவும் கலந்து வரும். நீலகிரியின் இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் அரிவாள் செல் நோயையும் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) இதே எச்பிஎல்சி காட்டிக்கொடுக்கும்.

குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் பச்சை மூடிக் குழாயில் போக வேண்டும். உள்ளே இருப்பது ஹெப்பாரின், ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து. வெள்ளணுக்களை உயிரோடு மூன்று நாள் வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்தித்தான் குரோமோசோம்களைப் பார்க்க முடியும். அதனால்தான் ரிப்போர்ட் இரண்டு மூன்று வாரம் ஆகிறது. ஜீன் பரிசோதனைக்கு ஊதா மூடி. மாதிரி எடுக்கும்போது மூடியின் நிறத்தை நீங்களும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வதில் தப்பில்லை.

கர்ப்பமான பிறகு வருகிறவர்களிடம் எனக்குள்ள ஒரே வருத்தம், நேரம். தம்பதி இருவரும் கேரியர் என்று தெரிந்தால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தும், அல்லது 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை எடுத்தும் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் அதற்கு முன்பே அந்தக் குடும்பத்தில் எந்த ஜீன் மாற்றம் என்று கண்டுபிடித்திருக்க வேண்டும், அதற்கே சில வாரங்கள் ஆகும். அதனால் இந்தப் படத்தைக் கல்யாணம் பேசும்போதே போடுங்கள், குறைந்தது முதல் குழந்தைக்கு முன்பாவது. குழந்தை ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் சொல்லக் கூடாது.

வரும்போது இந்தத் தாளோடு பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த ரிப்போர்ட், இறந்த குழந்தையின் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். தாளின் மூலையில் தேதியும், தகவல் சொன்னவர் யார் என்பதும் இருக்கட்டும். போனில் ஒரு போட்டோ எடுத்து, உங்கள் தங்கைக்கும் அனுப்பிவிடுங்கள். அவளுக்கும் இதே தாத்தா பாட்டிதான்.