சூத்திரத்தைச் சொல்லாமல் பிக் தேற்றம் நடத்துவது எப்படி?

புள்ளிக் கட்டத்தில் வரைந்த பலகோணத்தின் பரப்பைப் புள்ளிகளை எண்ணியே சொல்லிவிடலாம், கியோர்க் பிக் 1899-ல் வெளியிட்ட தேற்றம் இது. மாணவர்களே அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் நம் வேலை.

படி 1: புள்ளித்தாளும் பேனாவும் கொடுங்கள். பென்சில் வேண்டாம், தப்பான ஊகத்தை அழித்துவிடுவார்கள், நமக்கு வேண்டியதே அந்தத் தப்பான ஊகம்தான். வடிவங்களை வரைந்து அளக்கும் ஜியோஜீப்ரா மென்பொருளும் இந்தப் பாடத்துக்கு எனக்குப் பிடிக்காது. பரப்பை அதுவே காட்டிவிட்டால் யார் எண்ணப் போகிறார்கள்?

படி 2: மூலைகள் புள்ளிமேல் இருக்க வேண்டும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. உள்புள்ளி, விளிம்புப் புள்ளி, பரப்பு என்று ஓர் அட்டவணை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நான்கு சேர்ந்த சிறு சதுரத்தின் பரப்பு 1.

படி 3: நான் சறுக்கிய இடம். முதல் தடவை "எதை வேண்டுமானாலும் வரையுங்கள்" என்று விட்டுவிட்டேன். ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டார்கள், அட்டவணையில் இரண்டு எண்ணும் ஒரே சமயத்தில் மாறிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, கடைசியில் பொறுமை போய் நானே சூத்திரத்தைப் பலகையில் எழுதினேன். அப்புறம் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

அடுத்த முறை ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டேன்: உள்ளே புள்ளியே இருக்கக் கூடாது. விளிம்பில் 3 என்றால் பரப்பு அரை, 4 என்றால் 1, 5 என்றால் ஒன்றரை. "பாதியில் ஒன்று குறைச்சல்" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அப்போது "சரி" என்று சொல்லிவிடாதீர்கள், தலையைக்கூட ஆட்ட வேண்டாம். "6 புள்ளியில் வேறு மாதிரி வரைந்தாலும் 2 தானா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

படி 4: விளிம்பை 4-லேயே நிறுத்தி, உள்ளே 0, 1, 2 என்று கூட்டச் சொல்லுங்கள். பரப்பு 1, 2, 3 என்று போகும். உள்புள்ளியோடு விளிம்பில் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழி என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதட்டும், எழுத்துக் குறியீடு பிறகு.

பின்சேர்க்கை: விடை அரை அரையாக இடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். சாய்ந்த பக்கங்களைப் பாருங்கள். 4 வலம், 2 மேல் போகும் கோட்டின் நடுவே ஒரு புள்ளி இருக்கிறது, அதை விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: ஒரு மாணவி 3×3 சதுரத்தின் நடுவில் 1×1 ஓட்டை போட்டுக் காட்டினாள். பரப்பு 8, ஓட்டையின் விளிம்பையும் சேர்த்து எண்ணினால் நம் சூத்திரம் 7 என்கிறது. "ஓட்டை கூடாது" என்று வாய்வரை வந்துவிட்டது, நல்லவேளை அடக்கிக்கொண்டேன். இரண்டு ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, தாளை எடுங்கள்.