தொட்டியை இடம் மாற்றிய பிறகு மென்பவளத்தைச் சும்மா விடுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு வீடு மாறியபோது என்னுடைய 200 லீற்றர் உப்புநீர்த் தொட்டியும் கூடவே வந்தது. காலி வீதியில் மூன்று கிலோமீற்றர் வருமோ என்னவோ. அதற்கே லெதர் கோரல், அதாவது காளான் குடை போல நிற்கும் தோல் பவளம் என்ற மென்பவளம், பதினொரு நாள் சுருங்கியபடி கிடந்தது. மூன்றாம் நாள் அதன்மேல் மெழுகு பூசியதுபோல ஒரு மினுமினுப்பு. பக்கத்து ஃப்ளாட் அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது செத்துப்போச்சு. மணக்க முதல் எறியுங்கோ" என்றார். நான் எறியவில்லை. ஆனால் அதைவிட மோசமான வேலை ஒன்று பார்த்தேன். பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து அந்த மெழுகைத் தேய்த்துவிட்டேன்.

அந்தப் படலம் நோயில்லை. மேலே படியும் பாசியையும் அழுக்கையும் கழற்றிப் போட தோல் பவளம் தானாகவே செய்கிற வேலை அது. அலைக்கழிந்தால் இன்னும் கூடுதலாகச் செய்யும். படலத்துக்குக் கீழே புதுத் தோல் இருக்கிறது; தேய்த்தால் அது கிழியும், நுண்ணுயிர் புகும். நீரோட்டத்தை அதன் முகத்தில் நேரே அடிக்காமல் பக்கவாட்டில் போகும்படி பம்பைத் திருப்பிவிட்டால் போதும், படலம் தாள் தாளாகத் தானே உரிந்து போகும். ஒரு வாரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை இடம் மாற்றாதீர்கள். 'இங்கே வெளிச்சம் போதாது, அங்கே வைப்போம்' என்று நாளுக்கு நாள் தூக்கி வைப்பவர்களின் தொட்டியில்தான் பவளம் முதலில் போகும். அயடின், பவள உணவு என்று போத்தல் போத்தலாக ஊற்றுவதும் அதே ரகம். மூடியிருக்கிற பவளம் சாப்பிடாது. போட்ட உணவு அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும்.

பார்க்க வேண்டியது தண்ணீரை. பெரும்பாலும் குற்றவாளி மணல். அடித்தட்டில் ஒட்சிசன் எட்டாத இடம் கறுத்துக் கிடக்கும். கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வரும். அது ஐதரசன் சல்பைட். பழைய மணலை அப்படியே வாளியிலிருந்து கொட்டினால், பல மாதத்து அழுக்கும் அமோனியாவும் ஒரே நாளில் தொட்டிக்குள் இறங்கிவிடும். நான் கொட்டினேன். நீங்கள் உப்புநீரில் கலங்கல் போகும்வரை அலசிப் போடுங்கள், இல்லையென்றால் புது மணல் வாங்குங்கள். கற்களும் வழியில் காயக் கூடாது. காய்ந்தால் அதில் வாழும் உயிர்கள் செத்து மறுபடியும் அமோனியா. முதல் வாரம் தினமும் சோதியுங்கள். அமோனியா காட்டினால், அதே உப்பளவும் அதே வெப்பமும் உள்ள தண்ணீரால் கால்வாசியை மாற்றுங்கள். தொட்டி வடிகட்டிக்கென விற்கும் நல்ல கரி (அக்டிவேட்டட் கார்பன்) ஒரு பையும் போடுங்கள். மென்பவளங்கள் தொந்தரவுபட்டால் ஒன்றையொன்று தாக்கும் இரசாயனங்களை விடும், கரி அதை உறிஞ்சும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு கேன் அள்ளி வருவோம் என்ற நினைப்பு கொழும்பில் எல்லோருக்கும் ஒருதரம் வரும். வேண்டாம். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்து அழுக்கோடு அந்தக் கரையில்தான் கடலில் விழுகின்றன. மழைக்காலத்தில் உப்பளவும் இறங்கிவிடும். பைப் தண்ணீரில் குளோரின். ஆர்ஓ தண்ணீரில், அதாவது சவ்வு வடிகட்டியால் உப்பும் அழுக்கும் நீக்கிய தண்ணீரில், தொட்டிக்கென விற்கும் கடலுப்பைக் கரைத்து, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்று அளந்து ஊற்றுவதுதான் சரி.

வெப்பம் எங்கள் ஊரின் பெரிய தலையிடி. பவளத்துக்கு 25, 26 பாகை நல்லது. பூட்டிய லொறிக்குள் மத்தியானம் அது எங்கேயோ போய்விடும். விடியற்காலையில், ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். புது வீட்டில் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம்) இல்லாமல் மின்விசிறியை நம்பினால், இந்த ஈரக் காற்றில் அது அரைவாசி வேலைதான் செய்யும். அதோடு தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். 200 லீற்றரில் 10 லீற்றர் குறைந்தால் 35 இருந்த உப்பு கிட்டத்தட்ட 37. குறைந்ததை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் தினமும் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பினால் இன்னும் ஏறும். கடலைப் பார்த்த ஃப்ளாட் என்றால் மாலை வெயில் கண்ணாடியில் விழுகிறதா என்றும் பாருங்கள். விளக்கைப் பாதி அளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள்.

அப்புறம், பட்டன் பொலிப், அதாவது கல்லில் பொத்தான் பொத்தானாகப் படரும் பவள வகை உயிர், வைத்திருப்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் போடாமல் கல்லைத் தொடாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கல்லில் வெந்நீர் ஊற்றினால், ஆவியோடு அது மூக்குக்குள் போகும். வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்.

உண்மையிலேயே அழுகினால் கண்ணைவிட மூக்குக்கு முதலில் தெரியும். தசை பழுப்பாகக் கரைந்து நூல் நூலாகத் தொங்கும், செத்த மீன் போல நாறும். அப்போது மட்டும் கூரிய பிளேடால் நல்ல தசை தெரியும்வரை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சிறு கல்லில் ரப்பர் பாண்டால் தளர்வாகக் கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். நான் பிரஷ்ஷால் கிழித்த ஓரத்தை அப்படித்தான் வெட்டினேன். ரப்பர் பாண்டைக் கழற்றியபோது அது கல்லோடு ஒட்டியிருந்தது.