மலையில் ஜெட் மாடல் பறக்கவிடுவதும், அது விழும்போது செய்யவேண்டியதும்

கோயம்புத்தூரில் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த ஈடிஎஃப் ஜெட் (குழாய்க்குள் சுற்றும் மின்விசிறியால் பறக்கும் ரிமோட் மாடல்) ஊட்டிக்கு வந்ததும் கையை விட்ட வேகத்தில் தரையைத் தேடிப் போகிறது என்றால் மோட்டாரைத் திட்டாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 80 சதவீதம்தான். இறக்கைக்கும் அந்த மெல்லிய காற்றுதான், உள்ளே சுற்றும் விசிறிக்கும் அதே காற்றுதான். சென்னைக் கடற்கரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் பலத்தை இழந்து விழும்) மாடல் இங்கே 45-லேயே ஸ்டால் ஆகிவிடும். விசிறியின் உந்துவிசையும் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். அதாவது அதிக வேகம் வேண்டும், அதைக் கொடுக்கும் பலம் குறைவு. தரையைத் தொடும் வேகம் 12 சதவீதம் கூடினால் அடியின் பலம் கால் பங்கு கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் மலையில் ஜெட் விடுகிறவர் முதலில் யோசிக்கவேண்டியது எப்படிப் பறக்கும் என்பதை அல்ல, எங்கே விழும் என்பதை. கீழே சொல்கிற எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

மாடலைத் தேர்ந்தெடுப்பதில் ஆசைக்கு இடம் கொடுக்கவேண்டாம். மிக்-21 விமானப்படையிலிருந்து 2025 செப்டம்பரில் விடைபெற்றதும் பலருக்கும் அதன்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது, எனக்கும்தான், ஆனால் அந்தச் சின்ன இறக்கை மலைக் காற்றுக்கு ஆகாது. சுகோய், மிக்-29 மாதிரி உடம்பே பாதி இறக்கையாக இருக்கும் வடிவங்கள் நல்லது. மெதுவாகப் போனாலும் தாங்கும். 64 மில்லிமீட்டர் அல்லது 70 மில்லிமீட்டர் விசிறி, ஈபிஓ ஃபோம் உடம்பு போதும். சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். இங்கே கிடைக்கும் புல்தரையில் அந்தச் சின்னச் சக்கரம் உருளாது, மடங்கி அடிவயிற்றைக் கிழிக்கத்தான் செய்யும். எடையும் குறையும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: முன்சக்கரம் போனால் மூக்கின் எடை குறைந்து சிஜி (எடை மையம்) பின்னால் நகரும். பேட்டரியை முன்னால் தள்ளி, இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்து, மூக்கு லேசாகக் கீழே சாய்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு கனமான ஜெட் அலுத்துக்கொண்டே பறக்கும், வால் கனமான ஜெட் ஒரே ஒரு தடவைதான் பறக்கும். இறக்கைக்கடியில் தொங்கும் பிளாஸ்டிக் ஏவுகணைகளை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நிறமும் முக்கியம். நிஜப் போர்விமானத்தின் சாம்பல் நிறம் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அடித்தது. தேயிலைச் சரிவும் கற்பூர மரங்களும் (யூகலிப்டஸ்) பின்னணியாக இருக்கும்போது அது அந்த வேலையை அருமையாகச் செய்யும், நீங்கள் திண்டாடுவீர்கள். நிஜ விமானம் மாதிரியே இருக்கவேண்டும் என்கிற ஸ்கேல் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு டேப் ஒட்டுங்கள்.

இடம். பைக்காரா போகும் வழியில் உள்ள புல்வெளிகளைப் பார்த்தால் எவருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம், அது காப்புக்காடு, வனத்துறை இடம். குன்னூர்ப் பக்கம் வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, அந்தச் சுற்றுவட்டாரத்தை மறந்துவிடுங்கள். 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் மாடல் விமானத்தையும் சேர்த்தே பேசுகின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையில் (முன் அனுமதி தேவையில்லாத பகுதியில்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு, பச்சை என்றாலும் 120 மீட்டர் உயரம்தான் எல்லை. மீதி இருப்பது அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் காரட், உருளைக்கிழங்கு நிலங்களும் ஊர் விளையாட்டு மைதானங்களும்தான். நிலத்துக்காரரிடம் கேளுங்கள். அவரிடம் மட்டும் அல்ல, பக்கத்துத் தோட்டக்காரரிடமும் கேளுங்கள், ஏனென்றால் விமானம் விழப்போவது அவருடைய தோட்டத்தில்.

இடத்துக்குப் போனதும் பெட்டியைத் திறக்காமல் ஒரு நடை சுற்றி வாருங்கள். சுற்றிலும் இருக்கும் தேயிலை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இலை பறித்துக்கொண்டிருக்கும் தோட்டம் என்றால் மேல்பரப்பு இடுப்பு உயரத்தில் நெருக்கமாக, சமமாக இருக்கும். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள ஃபோம் ஜெட் அதன்மேல் தட்டையாக வந்து உட்கார்ந்தால் இறக்கையில் இரண்டு கீறல், காற்று உள்ளே போகும் வாயில் கொஞ்சம் கொழுந்து, அவ்வளவுதான். அதே தோட்டம் கவாத்து வெட்டியிருந்தால் கதை வேறு. இலை ஒன்றும் இல்லாமல், சாய்வாக வெட்டிய முனையோடு விரல் தடிமனில் குச்சிகள் மேல் நோக்கி நிற்கும். அதில் விழுந்த ஜெட்டை எடுக்கும்போது ஃபோம் துண்டுதுண்டாகக் குச்சியிலேயே தங்கிவிடும், பேட்டரியிலும் குத்து வாங்கியிருக்கும். சுற்றிலும் கவாத்து வெட்டிய தோட்டம் என்றால் அன்றைக்கு வேறு இடம் பாருங்கள். கற்பூர மரம், சில்வர் ஓக், மின்கம்பி, சோலார் வேலி எங்கெங்கே என்பதையும் மனதில் குறித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பிரச்சினை வந்தால் இங்கே போடுவேன், அந்தப் பக்கம் வந்தால் அங்கே போடுவேன் என்று இரண்டு இடத்தை அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் காலையில். தென்மேற்குப் பருவமழைக் காற்றில் ஊட்டிப் பக்கம் மாடலை வெளியே எடுக்கவே முடியாது, வடகிழக்கு வந்தால் கோத்தகிரியும் குன்னூரும் நனையும். காலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வெயில் சரிவில் விழுவதற்கு முன் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெதுவாக இறங்கும். வெயில் ஏறியதும் அதே காற்று திரும்பிப் பள்ளத்திலிருந்து மேலே வரும். சரிவான நிலத்தில் மேட்டைப் பார்த்து இறங்குவதுதான் சுலபம், ஏனென்றால் தரையே எழும்பி வந்து விமானத்தை வாங்கிக்கொள்ளும். பள்ளத்தைப் பார்த்து இறக்கினால் தரை விலகிக்கொண்டே போகும், ஜெட் மிதந்துகொண்டே போய் வேலியில் நிற்கும். ஆக, அதிகாலையில் மேட்டைப் பார்த்து இறங்கினால் எதிர்க்காற்றும் கிடைக்கும், சரிவும் உதவும். பத்து மணிக்குமேல் மேட்டைப் பார்த்து இறங்கினால் காற்று முதுகில் தள்ளும். அப்போது சரிவுக்குக் குறுக்கே, வரப்பு ஓடும் திசையில் இறக்குங்கள். அதற்கும் மேல் காற்று பலத்தால் பெட்டியை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

குளிரில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சோம்பல்படும். ராத்திரி முழுக்க ஜீப்பில் கிடந்த பேட்டரியை அப்படியே மாட்டி ஃபுல் த்ராட்டில் கொடுத்தால் வோல்ட் சட்டென்று இறங்கி, வீசிய இரண்டாவது நொடியிலேயே ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டாரைக் குறைத்துவிடும். பேட்டரியை ஜெர்கினுக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள், தொட்டால் உடம்புச் சூடு தெரியவேண்டும். டைமரை மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கும்போது 30 சதவீதம் மிச்சம் இருக்கவேண்டும், ஏனென்றால் முதல் தடவை இறங்கமுடியாமல் திரும்பவும் சுற்றி வரவேண்டி வரும். அப்புறம் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஏற்பாடு: விமானத்தை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மோட்டாரை லேசாக ஓட்டி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், மோட்டார் உடனே நிற்கவேண்டும். நிற்காத விமானத்தை வீசாதீர்கள்.

வீசுவது இன்னொருவர் வேலையாக இருக்கட்டும், உங்கள் இரண்டு கையும் ஸ்டிக்கில் இருக்கவேண்டும். முழு த்ராட்டில் கொடுத்து, விசிறியின் சத்தம் ஏறி நிலைக்கும்வரை பொறுத்து, இரண்டு எட்டு ஓடி, மூக்கை வானத்துக்குத் தூக்காமல் அடிவானத்துக்கு நேராக ஒரே தள்ளு. மூக்கைத் தூக்கி எறிவதால்தான் பாதி ஜெட் விழுகிறது. ப்ரொபெல்லர் விமானத்தில் ப்ரொபெல்லர் காற்று வாலின்மேல் அடிக்கும், நின்றுகொண்டிருந்தாலும் எலிவேட்டருக்கு (மூக்கை மேலும் கீழும் ஆட்டும் வால் மடலுக்கு) உயிர் இருக்கும். ஈடிஎஃப்பில் அது கிடையாது, காற்று குழாய் வழியாகப் பின்னால் போய்விடும். வேகம் வந்தால்தான் கட்டுப்பாடு வரும். மேடு முடியும் விளிம்பில் நின்று பள்ளத்தை நோக்கி வீசினால் கீழே கொஞ்சம் இறங்கி வேகம் பிடிக்க இடம் கிடைக்கும். ஸ்டிக்கை இழுக்காமல் அந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நெஞ்சில் தைரியம் வேண்டும். வேகம் பிடித்ததும் மெதுவாகத் தூக்குங்கள்.

மேலே போனபின் திருப்பங்கள் அகலமாக இருக்கட்டும். செங்குத்தாகச் சாய்த்து இழுத்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் இன்னும் ஏறும், ஏற்கனவே நம்மிடம் வேகம் உபரியாக இல்லை. மேட்டின் மறைவுப் பக்கம், காற்று தாண்டி இறங்கும் இடத்தில் போகாதீர்கள், அங்கே காற்று புரளும். உங்கள் கால்மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கவும் கூடாது. பார்க்க அழகுதான், போர்விமானம் பள்ளத்தாக்குக்குள் புகுந்து போகிற மாதிரியே இருக்கும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மண்ணைத் துளைத்துப் போகாது. நடுவில் ஒரு திட்டு மறைத்தால் போதும். கீழே பள்ளத்தில் மூடுபனி கிளம்புவதைப் பார்த்தால் அந்தச் சுற்றோடு இறக்கிவிடுங்கள். கோத்தகிரியில் அது மேலே வர டீ ஆறும் நேரம்கூட ஆகாது.

சரி, இப்போது விழுகிறது. முதலில் த்ராட்டிலை முழுக்க மூடுங்கள். ஓடும் விசிறியோடு தரையில் மோதினால் இறக்கைத் துண்டும் மண்ணும் உள்ளே போய், மோட்டார் சிக்கி, ஈஎஸ்சி புகைந்துவிடும்; ஃபோமை ஒட்டலாம், புகைந்ததை ஒட்டமுடியாது. அடுத்து இறக்கையைச் சமப்படுத்துங்கள். மூக்கை இழுக்காதீர்கள். உயிர் பிழைக்க இழுக்கத்தான் கை போகும், ஆனால் வேகம் இல்லாத ஜெட்டை இழுத்தால் ஒரு இறக்கை முதலில் விழுந்து, சுழன்று, மூக்கு குத்தி நிற்கும். புறப்பட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரவும் பார்க்காதீர்கள், நேரே எது இருக்கிறதோ அதில் போடுங்கள். அடர்ந்த தேயிலை இருந்தால் அதன் மேல்பரப்பைத் தரை என்று நினைத்துக்கொண்டு இறக்குங்கள். ஆள் இருக்கும் பக்கம் போகிறதென்றால் மரமோ பாறையோ, எதில் வேண்டுமானாலும் மோதட்டும், ஆள் பக்கம் மட்டும் போகக்கூடாது.

விழுந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, விழுந்த திசைக்கு நேரே பின்னால் தெரியும் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, கூட வந்தவரை அனுப்புங்கள். “தம்பி, அந்த ஒத்தைக் கற்பூர மரத்துக்கு நேரா போ, இன்னும் கீழே, வலது கைப்பக்கம் போகாதே” என்று போனில் சொல்லிக்கொண்டே இருங்கள். நீங்களே இறங்கிப் போனால் பத்தாவது வரிசையில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி தெரியும். விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரில் மாட்டும், சத்தம் போடும் சின்ன பஸ்ஸர் ஒன்று இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். கொழுந்து பறிக்கும் அக்காமார்களிடம் கேளுங்கள், விழுந்த இடத்தை உங்களைவிட அவர்கள் சரியாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் செடிக்குள் கால் வைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: காட்டுமாடு செடிகளுக்கு நடுவே முதுகு மட்டும் தெரிய அசையாமல் நிற்கும். நின்றால் அது போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் கரடிக்குப் பயந்தாவது தேடலை மறுநாளுக்கு வையுங்கள். மின்கம்பியில் மாட்டினால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், மூங்கிலைத் தேடாதீர்கள்.

கிடைத்ததும் முதல் வேலை பேட்டரியைப் பிரிப்பது. உப்பியிருந்தாலோ, குத்துப் பட்டிருந்தாலோ, சூடாக இருந்தாலோ வண்டிக்குள் வைக்காதீர்கள், தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து வெளியே அரைமணி நேரமாவது பார்த்துக்கொண்டிருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். லிப்போ பற்றினால் போவது விமானம் மட்டும் இல்லை. ஒரு வாளி மணல் இல்லாமல் அந்த மாதங்களில் வரவே வேண்டாம்.

ரிப்பேர் சுலபம். நசுங்கிய ஈபிஓ மூக்கைக் கொதிநீரில் முக்கி எடுத்தால் ஃபோமின் மணிகள் உப்பிப் பழைய வடிவத்துக்குப் பக்கத்தில் வரும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், இந்த வேலைக்கு அது போதும். முறிந்த இடத்தில் எபாக்சி, குறுக்கே ஒரு கார்பன் குச்சி. ஐந்து நிமிட எபாக்சி இங்கே குளிரில் ஐந்து நிமிடத்தில் இறுகாது, கலப்பதற்குமுன் இரண்டு ட்யூபையும் வெந்நீரில் போட்டு எடுங்கள், ஒட்டியபின் ராத்திரி முழுக்க விடுங்கள். விசிறி இதழ்களை ஒவ்வொன்றாக நகத்தால் வருடிப் பாருங்கள். சின்ன வெட்டு இருந்தாலும் ரோட்டரையே மாற்றவேண்டும், அது நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்குமேல் சுற்றுவது. சோதித்து ஓட்டும்போது விசிறிக்குப் பக்கவாட்டில் நிற்காதீர்கள்.

ஒட்டின பசையும் குச்சியும் வால் பக்கம் என்றால் சிஜியைத் திரும்பப் பாருங்கள். ஜைரோவை (விமானம் சாய்ந்தால் தானே சமப்படுத்தும் கருவியை) கழற்றி மாட்டியிருந்தால் கையில் பிடித்து இடப்பக்கம் சாயுங்கள், இடப்பக்க எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) கீழே இறங்கவேண்டும். மூக்கைக் கீழே சாயுங்கள், எலிவேட்டர் மேலே எழவேண்டும். தலைகீழாக அசைந்தால் ஜைரோவில் ரிவர்ஸ் மாற்றி, அந்தச் சோதனையை முதலிலிருந்து செய்துவிட்டு வீசச் சொல்லுங்கள்.